ஏழாம் அத்தியாயம்: வீதியில் நிற்கும் வண்டியும் ஆகாயத்தில் பறக்கும் யந்திரமும்

தைப்பிங் என்னும் சீனச் சொல்லுக்கு நிலைத்த சமாதானம் என்று பொருள் என்பதை இவ்வூர்ப் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலேயே கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அது சண்டை ஓய்ந்த பிறகு சூட்டப்பட்ட பெயர் என்பதையும், 1861-இல் மூண்ட அந்தச் சண்டைக்கு முதற்காரணமாக இருந்தவற்றுள் ஒன்று ஈய லம்பங்களுக்குப் பாய்ந்த வாய்க்கால் நீர் எவருக்கு உரியது என்ற வழக்கே என்பதையும் நினைத்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. கிளியான் பாவ் என்று அக்காலத்தில் வழங்கிய இவ்விடத்தில் ஹாய் சான் கூட்டத்தாரும், இன்று கமுந்திங் என்று நாம் அழைக்கும் கிளியான் பாருவில் கீ ஹின் கூட்டத்தாரும் ஒரே நீருக்காக மோதிக்கொண்டு, அந்த மோதல் விட்டுவிட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, முடிவில் 1874-ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்கும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் வருகைக்கும் வழி திறந்துவிட்டது.

அன்று வாய்க்கால் நீர் இருந்த ஸ்தானத்தில் இன்று வீதி இருக்கிறது. மாட்டுவண்டியும் ரிக்‌ஷாவும் ஊர்ந்த நாளில் வகுக்கப்பட்ட தாமிங் சாரி வீதியும் கோத்தா வீதியும் அகலத்தில் அன்றுபோலவே இருக்க, அவற்றின் ஓரத்தில் இடம் தேடும் வண்டிகளோ ஆண்டுதோறும் பெருகுகின்றன. அதுவும் போதாதென்று, தலைக்கு மேலே யாருக்கும் சொந்தமின்றிக் கிடந்த ஆகாயத்திலும் ட்ரோன் என்னும் சிறு யந்திரம் இப்போது இடம் கேட்டு வந்து நிற்கிறது. எல்லோருக்கும் பொதுவான ஒரு பொருளை ஒருவர் தமக்கு வேண்டிய அளவுக்கு மேல் பிடித்து வைத்துக்கொள்ளாதபடி பங்கிட்டுக் கொடுக்கும் காரியத்தைக் கத்தியும் ஈட்டியுமின்றிக் காகிதத்தைக் கொண்டு நடத்துவதே ஊராட்சி என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் விதிகள் யாவும் எளிதில் விளங்கிவிடும்.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது

எந்தத் தாக்கீதைக் கையில் வாங்கினாலும் பிரஜை முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதை எழுதியவருக்கு எந்தச் சட்டம் இந்த அதிகாரத்தைக் கொடுத்தது?" என்பதுதான். மலேசிய அரசியல் சாசனத்தின் ஒன்பதாம் அட்டவணை, உள்ளாட்சியை மாநிலங்களின் பட்டியலிலும், விமானப் போக்குவரத்தை மத்திய அரசாங்கத்தின் பட்டியலிலும் வைத்திருக்கிறது. ஆகவே தைப்பிங் நகராண்மைக் கழகம் தரையில் எஜமானனாக இருந்தாலும், அந்தத் தரைக்கு மேலே பறப்பதற்கு விதி வகுப்பது கோலாலம்பூர்ப் பக்கத்துக் காரியமாகும். இந்த ஒரு பாகுபாட்டை அறியாமையினாலேயே பலர் தவறான அலுவலகத்தின் வாசலில் காத்திருந்து காலத்தை வீணாக்குகிறார்கள்.

நகராண்மைக் கழகத்தின் பொது அதிகாரங்கள் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்திலிருந்து பிறக்கின்றன. அச்சட்டத்தின்படி கழகம் இயற்றும் துணைவிதிகள் மாநில அதிகாரத்தின் சம்மதம் பெற்று அரசிதழில் பிரசுரமான பிறகே உயிர் பெறும். அவற்றை மீறியவருக்கு நீதிமன்றம் விதிக்கக்கூடிய தண்டனைக்கும் 2,000 வெள்ளி அபராதம், ஓராண்டுச் சிறை, குற்றம் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 200 வெள்ளி என்று மேல்வரம்பு கட்டப்பட்டிருக்கிறது. வண்டி நிறுத்துமிடங்களை ஏற்படுத்திக் கட்டணம் வாங்குவதும், போக்குவரத்துக்கு இடையூறாக நிற்கும் வண்டியை இழுத்துச் செல்வதும் 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைச் சார்ந்தவை. நடைபாதையையும் வீதியையும் பொருள் வைத்து அடைப்பவரைக் கேட்பது 1974-ஆம் ஆண்டின் வீதி, வடிகால், கட்டடச் சட்டம்.

கழகத்தில் அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் வாக்குச்சீட்டினால் வந்தவர்கள் அல்லர் என்பதையும் வாசகர் அறிந்திருத்தல் நலம். இந்தோனேசிய மோதல் நிகழ்ந்த 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. நம்மவரான ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு, நாட்டின் ஊராட்சிகளையெல்லாம் ஆராய்ந்து, தேர்தல் மீண்டும் வர வேண்டும் என்று 1968-இல் அறிக்கை கொடுத்தது. அந்த யோசனை ஏற்கப்படாமல், மாநில அதிகாரமே எட்டு முதல் இருபத்து நான்கு உறுப்பினர்கள் வரை நியமிக்கும் முறை 1976-இல் நிலைபெற்றது. ஆனாலும் உம்முடைய வட்டாரத்துக்கு ஒரு கழக உறுப்பினர் இருக்கிறார். உம்முடைய குறையைக் கூட்டத்தில் எடுத்துரைப்பது அவருடைய கடமை. வாக்குக் கேட்டு அவர் வீட்டுக்கு வரமாட்டாராதலால், அவரைத் தேடி நாம்தான் போக வேண்டும்.

சமன் என்பது தண்டனை அன்று

நம்மவர் பேச்சில் சமன் என்றும், பத்திரிகைத் தமிழில் குற்றப்பதிவு என்றும் வழங்கும் அந்தச் சீட்டு, உண்மையில் நீதிமன்றத்தின் தண்டனையும் அன்று, அழைப்பாணையும் அன்று. மலாயில் கொம்பவுன் எனப்படும் இது ஒரு சமாதான யோசனை. "நீர் இன்ன விதியை மீறியதாக எமக்குத் தோன்றுகிறது; இன்ன தேதிக்குள் இன்ன தொகையைச் செலுத்தினால் இதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் இத்துடன் முடித்துக்கொள்வோம்" என்பதே அதன் சாரம். இதிலிருந்து மூன்று விஷயங்கள் பெறப்படுகின்றன. தொகையைச் செலுத்தியவர் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவர் ஆகமாட்டார். செலுத்திய குற்றத்துக்காகவே மறுபடியும் அவர்மீது வழக்குத் தொடர முடியாது. செலுத்த மனமில்லாதவருக்கோ, மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில் தம் நியாயத்தைச் சொல்லும் உரிமை எப்போதும் உண்டு. ஆயினும் அந்த உரிமையைக் கைக்கொள்வோர், அங்கே கழகம் கேட்ட சிறு தொகையோடு காரியம் நிற்கும் என்று எண்ணலாகாது. நீதிமன்றத்தில் சட்டத்தின் மேல்வரம்புதான் எல்லை. அழைப்பாணை வந்தும் ஆஜராகாதவருக்குக் கைது ஆணை பிறப்பிக்கவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

ஐந்து நிமிஷம் என்பது நமது ஊரில் ஒரு காலஅளவு அன்று. அது ஒரு மனோபாவம். பணியாளர் ஒருவர் சீட்டு எழுதத் தொடங்கியதும் உணவுக்கடையிலிருந்து ஓடிவருபவருக்கும் அவருக்கும் நடக்கும் உரையாடல் எந்தத் தெருவிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

"தம்பி, அஞ்சு நிமிஷம்தானே ஆச்சு! ரொட்டி கட்டிக்கிட்டு இருக்கான், இதோ எடுத்துடறேன்."

"அண்ணே, நம்பரை அடிச்சாச்சு. இனி என் கையில இல்ல. மேல எழுதிக் கொடுங்க, பார்ப்பாங்க."

பணியாளர் சொல்வதில் பொய்யில்லை. கையடக்க யந்திரத்தில் பதிவெண் ஏறிவிட்ட பிறகு அதை அழிக்கும் அதிகாரம் தெருவில் நிற்பவருக்கு இல்லை. குறைக்கவோ நீக்கவோ வல்லவர் கழகத் தலைவரும் அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த அதிகாரியுமே. ஆதலால் வெயிலில் நின்று வாதாடுவதைவிட அன்று மாலையே உட்கார்ந்து ஒரு மடல் எழுதுவது எவ்வளவோ மேல். பணியாளரின் கையில் பத்து வெள்ளியை மடித்து வைக்க முயல்வதோ அதைவிடப் பெரிய குற்றம். அது லஞ்ச ஒழிப்பு ஆணையத்தின் எல்லைக்குள் போய்விடும்.

சீட்டைக் கண்ட அன்றே செய்ய வேண்டியவை

1. வண்டியை நகர்த்துவதற்கு முன்பே நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்க. சக்கரத்துக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம், அருகிலுள்ள அறிவிப்புப் பலகை, மங்கிப்போன மஞ்சள் கோடு ஆகியவை நாளைக்குப் பேசும் சாட்சிகள்.

2. சீட்டில் உள்ள பதிவெண், தேதி, மணி, வீதியின் பெயர், மீறியதாகக் கூறப்படும் விதி ஆகிய ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்க்க. எழுத்துப் பிழை ஒன்றைக் கண்டவுடன் தாக்கீதே செல்லாது என்று குதூகலிக்க வேண்டாம். எனினும் பிழையை எடுத்துக்காட்டக் கடமைப்பட்டவர் நீரே.

3. கட்டணம் செலுத்தியிருந்தால் அதற்குரிய சான்றைப் பத்திரப்படுத்துக. கீறல் கூப்பனாயின் ஆண்டு, மாதம், நாள், மணி எல்லாம் சரியாகக் கீறப்பட்டு, வெளியிலிருந்து படிக்கும்படி கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருந்ததா என்பதும், கைப்பேசியில் 'பார்க் அட் பேராக்' செயலியாயின் பதிவெண்ணும் ஊராட்சியின் பெயரும் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனவா என்பதும் முக்கியம். ஈப்போவில் செலுத்த வேண்டியதைத் தைப்பிங்கிற்கும், தைப்பிங்கில் செலுத்த வேண்டியதை ஈப்போவுக்கும் செலுத்திவிட்டுத் திகைப்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு கஜானாக்கள்.

4. சீட்டை எழுதியது யார் என்று பார்க்க. கழகம், போலீஸ், சாலைப் போக்குவரத்து இலாகா ஆகிய மூன்றும் வண்டியோட்டிக்குத் தாக்கீது கொடுக்க வல்லவை. ஒன்றன் கவுண்டரில் மற்றொன்றின் தொகையைக் கட்ட முடியாது.

5. சீட்டு காணாமற் போனாலும் குற்றப்பதிவு காணாமற் போவதில்லை. தைப்பிங்கில் பிற்பகல் மழை அதை நனைத்துக் கூழாக்கிவிடுவது வழக்கமே. தாமிங் சாரி வீதியில் உள்ள கழகத்தின் அலுவலகமான விஸ்மா பெர்பண்டாரானுக்குச் சென்று பதிவெண்ணைச் சொன்னால், அந்த எண்ணின் மீது நிலுவை எதுவும் உண்டா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

6. குற்றப்பதிவு ஆளைத் தொடர்வதில்லை, பதிவெண்ணைத் தொடர்கிறது. பழைய மோட்டார் சைக்கிளை நண்பரிடம் விற்றுவிட்டுப் பெயர் மாற்றம் செய்யாதவர், நண்பருடைய பாவங்களுக்கெல்லாம் தம் பெயரில் கடிதம் வருவதைக் காண்பார்.

முறையீட்டு மடல் எழுதும் முறை

மடல் தேசிய மொழியில், கழகத் தலைவரின் முகவரிக்கு, ஒரு பக்கத்துக்கு மிகாமல் அமைய வேண்டும். முதற் பத்தியில் குற்றப்பதிவின் எண்ணும் தேதியும் இடமும். இரண்டாம் பத்தியில் நடந்த சம்பவம், அலங்காரமின்றி. மூன்றாம் பத்தியில் கோரிக்கை, அதாவது முழுவதும் நீக்க வேண்டுமா, தொகையைக் குறைக்க வேண்டுமா என்ற தெளிவு. இணைப்பாகப் படங்களும் சான்றுகளும். முதியவரை ஆஸ்பத்திரியில் இறக்கியது, வண்டி பழுதாகி நின்றது, பலகையே இல்லாதது ஆகியவை ஆவணத்துடன் காட்டப்பட்டால் கருணைக்கு இடமளிக்கும் காரணங்கள். "எல்லோருந்தான் அங்கே நிறுத்துகிறார்கள்" என்பது காரணம் அன்று. அது மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கும் வாக்குமூலம். மடலின் நகலில் கழகத்தின் முத்திரையையும் தேதியையும் வாங்கிக்கொள்ளாமல் திரும்ப வேண்டாம். மடல் கொடுத்ததனாலேயே கெடு நின்றுவிடுவதில்லையாதலால், கெடு முடிவதற்குள் பதில் வராவிட்டால் நேரில் சென்று கேட்க வேண்டும்.

ஊராட்சிகள் அவ்வப்போது பழைய குற்றப்பதிவுகளுக்குத் தள்ளுபடி அறிவிப்பதுண்டு. அந்தத் தள்ளுபடிக்காகவே காத்திருந்து சீட்டுகளைச் சேர்த்துவைக்கும் சிக்கனக்காரர்கள், இடையில் நீதிமன்றத்தின் அழைப்பாணை வந்துவிட்டால் லாபமும் முதலும் ஒருங்கே போய்விடும் என்பதை மறக்கலாகாது.

கடைவாசலில் போட்ட நாற்காலி

நமது வியாபாரிகளுக்குத் தனியே ஒரு வார்த்தை. கடைக்கு முன்னால் உள்ள வெள்ளைக் கட்டம் கடைக்காரருடையது அன்று. அங்கே உடைந்த நாற்காலியையோ பூச்சாடியையோ எண்ணெய்த் தகரத்தையோ வைத்து இடம் பிடிப்பது, வாடிக்கையாளரிடம் காட்டும் அன்பாகத் தோன்றினாலும், சட்டத்தின் பார்வையில் பொதுவீதியை அடைத்தலேயாகும். வைத்த பொருளைக் கழகம் எடுத்துச் செல்லலாம். நிரந்தரமாகக் கட்டம் தேவைப்படுவோர் கழகத்துக்கு விண்ணப்பித்து, மாதக் கட்டணம் செலுத்தி, ஒதுக்கீட்டுப் பலகையுடன் பெறுவதே முறை. ஊனமுற்றோருக்கென ஒதுக்கிய நீலக் கட்டத்தில் ஒரு கணம்கூட வண்டியை விடலாகாது என்பதை இங்கே வலியுறுத்துகிறேன். அங்கே நமது ஐந்து நிமிஷம் சக்கர நாற்காலியில் வரும் ஒருவருடைய முழு நாளையும் கெடுத்துவிடும்.

1935-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் உலகத்தின் முதல் நிறுத்தக் கட்டண யந்திரம் நாட்டப்பட்டபோதும் காரணம் இதுவே: கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்கள் காலையிலேயே வந்து கட்டங்களையெல்லாம் அடைத்துக்கொள்ள, சாமான் வாங்க வந்தவர்களுக்கு இடமில்லாமற் போயிற்று. கட்டணத்தின் முதல் நோக்கம் கஜானாவை நிரப்புவது அன்று. கட்டத்தைக் காலி செய்விப்பதே.

ஆகாயத்துக்கு யாரிடம் கேட்பது

இனித் தலையை நிமிர்த்துவோம். ஏரிப் பூங்காவின் நீர்மேல் கிளை தாழ்த்தி நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் மணமக்களை நிறுத்தி, மேலே ட்ரோனை ஏவிப் படம் பிடிப்பது இப்போது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவருகிறது. அம்மரத்தைத் தாவர சாஸ்திரிகள் சமான் என்று அழைப்பது தற்செயலே. ஆயினும் அனுமதியின்றிப் பறக்கவிடுபவருக்கு அது நல்ல எச்சரிக்கை.

இத்துறைக்கு அதிகாரி, 2018-இல் உதயமான மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், சுருக்கமாகக் காம். விதிகளோ 2016-ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறைகள். அவற்றின்படி, அனுமதி பெறாதவர் தரையிலிருந்து 400 அடிக்கு, அதாவது சுமார் 120 மீட்டருக்கு மேல் ட்ரோனை ஏற்றலாகாது. விமானத்தளத்தின் போக்குவரத்து எல்லைக்குள் நுழைக்கலாகாது. தைப்பிங்கிற்கு அருகே தெக்கா விமானத்தளம் இருப்பதை இவ்வூரார் மறக்க வேண்டாம். கருவியை ஓட்டுபவர் வெறுங்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே இருத்தல் வேண்டும். காமிரா பூட்டிய ட்ரோனுக்கு மேலும் சில தூரங்கள் விதிக்கப்பட்டுள்ளன: ஓட்டுபவரின் கட்டுப்பாட்டில் இல்லாத மனிதர், வாகனம், கட்டடம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர், ஏற்றும்போதும் இறக்கும்போதும் பிற மனிதரிடமிருந்து 30 மீட்டர், ஆயிரம் பேருக்கு மேல் திரண்ட திறந்தவெளிக் கூட்டத்திலிருந்து 150 மீட்டர், குடியிருப்பு, வர்த்தகம், தொழில், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான பகுதிகளிலிருந்தும் 150 மீட்டர்.

கடைசியாகச் சொன்ன விதியை ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். குடியிருப்பும் கடையும் தொழிற்சாலையும் பூங்காவும் போக இவ்வூரில் மிஞ்சுவது எது? ஏரிப் பூங்கா பொழுதுபோக்குப் பகுதி, கோத்தா வீதி வர்த்தகப் பகுதி, கமுந்திங்கில் ஆலைகள். ஆகவே ஊருக்குள் காமிரா ட்ரோன் பறக்க வேண்டுமானால் அநேகமாக எந்த இடத்திலும் முன் அனுமதி அவசியம் என்பதே முடிவு. கோயில் தேரை மேலிருந்து படம் பிடிக்க ஆசைப்படும் இளைஞர், கூட்டம் ஆயிரத்தைத் தாண்டுமா என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஆலய நிர்வாகத்தாரின் எழுத்துச் சம்மதத்தோடு பல வாரங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்கக் கடவர். விதி மீறிய தனிநபருக்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். நிறுவனமாயின் அபராதம் ஒரு லட்சம் வெள்ளி வரை ஏறும். வண்டி நிறுத்தியதற்காக வரும் சீட்டை நினைத்துக்கொண்டு இதையும் அற்பமாக எண்ணிவிடக் கூடாது.

காமின் அனுமதியோடு காரியம் முடிவதில்லை. ஆகாயத்திலிருந்து நிலத்தைப் படம் பிடிப்பதற்கு ஜூப்பெம் என்னும் நில அளவை, வரைபட இலாகாவின் சம்மதம் வேண்டும். கருவியின் ரேடியோ அலைக்குச் சிரிம் சான்றிதழ் வேண்டும். 1959-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டம் வேறு இருக்கிறது: துப்பாக்கி ஏந்திய காவலாளியின் உருவத்தோடு தமிழிலும் எழுதப்பட்ட அந்தச் சிவப்புப் பலகையைக் காணாதவர் யார்? 1879-இல் எழுந்த தைப்பிங் சிறைச்சாலை, 1883-இல் தோன்றிய பேராக் அரும்பொருட்சாலைக்கு எதிரே, ஏரிப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது என்பதையும், காற்றடித்தால் ட்ரோனுக்குத் திசை தெரியாது என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்க.

அப்படியானால் கழகத்துக்கு ஒன்றுமே இல்லையா

உண்டு. பறப்பது ஆகாயத்திலாயினும் ஏறுவதும் இறங்குவதும் தரையிலேதான். அந்தத் தரை பூங்காவாக இருந்தால் அது கழகத்தின் பரிபாலனத்தில் உள்ளது. பழைய ஈய லம்பத்தைத் திருத்தி 1880-இல் அமைக்கத் தொடங்கிய ஏரிப் பூங்காவிலும், 1961-இல் நிறுவப்பட்டு இன்றும் கழகமே நடத்திவரும் மிருகக்காட்சிசாலையிலும், படப்பிடிப்புக்கோ வேறு காரியத்துக்கோ இடத்தை உபயோகிக்க விரும்புவோர் கழகத்தின் சம்மதத்தைத் தனியே பெற வேண்டும். காமின் கடிதம் காட்டினால் பூங்காவின் கதவு தானே திறக்கும் என்பதும் தவறு, கழகத்தின் சீட்டு காட்டினால் ஆகாயத்தின் கதவு திறக்கும் என்பதும் தவறு. மிருகக்காட்சிசாலையின் அருகில் மனிதச் சட்டத்தைத் தவிர இன்னொரு நியாயமும் உண்டு: கூட்டில் அடைபட்ட பிராணி தலைக்கு மேலே ரீங்கரிக்கும் யந்திரத்தைக் கண்டு ஓடி ஒளிய வழியில்லாதது.

வீட்டு மாடிக்கு மேலே அயலார் ட்ரோன் வந்து நிற்பதாக முறையிட விரும்புவோர் அதைக் கல்லால் அடித்து வீழ்த்த முயல வேண்டாம். அது பிறர் உடைமைக்குச் சேதம், விழும் இடத்தில் பிறர் உயிருக்கும் அபாயம். நேரத்தையும் திசையையும் குறித்துப் படமெடுத்துப் போலீசில் புகார் செய்க; அந்தரங்கத்தில் அத்துமீறி ஒருவருடைய மானத்துக்குப் பங்கம் செய்வதைத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 509-ஆம் பிரிவு குற்றமாகக் கொள்கிறது.

பிரயாணம் செய்வோருக்கும் ஒரு குறிப்பு. சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை 2020 முதல் பதிவு செய்தாக வேண்டும். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் நாட்டைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரித்து, விதி மீறியவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கின்றன. தைப்பிங்கில் பெற்ற அனுமதியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கோபுரத்தின்மேல் ட்ரோனை ஏவலாம் என்று எண்ண வேண்டாம்.

வண்டிப் பெட்டியில் இருக்க வேண்டியவை

இரண்டு காரியங்களுக்கும் பொதுவான ஓர் ஏற்பாட்டைச் சொல்லி இந்த அத்தியாயத்தை முடிக்கிறேன். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது; பிற்பகலில் மழை எந்த மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டிய வியாபாரிகளின் கதையை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆகவே கண்ணாடிக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கட்டும். அதில் கீறாத கூப்பன்கள் சில, ஒரு பேனா, கட்டிய குற்றப்பதிவுகளின் ரசீதுகள், கொடுத்த மடல்களின் முத்திரையிட்ட நகல்கள், ட்ரோன் வைத்திருப்பவராயின் அனுமதிக் கடிதத்தின் பிரதி ஆகியவை இருக்கட்டும். தொகையைக் கட்டிய அன்றே ரசீதை எறிந்துவிட்டவர், இரண்டாண்டு கழித்து அதே தொகைக்கு மறுபடியும் கடிதம் வந்தால் காட்டுவதற்கு ஒன்றுமின்றி நிற்பார்; உறையை வைத்திருப்பவர் கவுண்டரில் அதைப் பிரித்துக் காட்டிவிட்டு, மழை பிடிப்பதற்குள் வீடு போய்ச் சேர்வார்.